கொலுக் குளத்துக்குச் செடி செய்தல்

கொலுப் படிகளுக்குக் கீழே பூங்கா அமைக்கும் வீடுகளில் குளம் இல்லாமல் இருக்காது. மணலைப் பரப்பி, நடுவில் ஒரு கண்ணாடியைப் பதித்து, ஓரங்களில் கடுகோ கேழ்வரகோ வெந்தயமோ நான்கைந்து நாள் முன்னதாகத் தூவி முளைக்க விட்டால் புல்வெளியும் நீரும் கிடைத்துவிடும். கண்ணாடி நீராகத் தெரியும், முளைப்பயிர் புல்லாகத் தெரியும். அதன்மேல் வைக்கிற பிளாஸ்டிக் தாமரை மட்டும் கடையில் வாங்கியதாகவே தெரியும். பக்கத்தில் நிற்கும் பொம்மைக்கு அது பொருந்தாத அளவில் இருக்கும், இலை இருக்காது, இருந்தாலும் எல்லா இலையும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். இந்தக் குறையைத் தீர்ப்பது, குளத்துச் செடிகளைச் சிறிய அளவில் கையால் செய்யும் வேலை. கொலுவுக்குச் செய்பவர், மாதிரி ரயில் பாதைக்குச் செய்பவர், பள்ளிக் கண்காட்சிக்கோ அருங்காட்சியகப் பேழைக்கோ செய்பவர், யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான்: செடியை நீர்நிலையில் போய்ப் பார்ப்பது, அளவைக் கணக்கிடுவது, பொருளைத் தேர்வது. கத்தரி பிறகுதான்.

எந்த நீர்நிலை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கல் படிக்கட்டு கட்டிய கோயில் குளத்தில் சம்பும் கோரையும் நிற்க இடமில்லை. அங்கே அல்லியோ தாமரையோ இருக்கும். அதுவும் இல்லையென்றால் பச்சைப் பாசி மட்டும். ஊர்க்குட்டையில் ஓரமெல்லாம் மாட்டுக் குளம்பு மிதித்த சேறு. பாசன ஏரி இவை இரண்டிலிருந்தும் வேறு. செடி வகைகள் மிகுதியாக நிற்பதும் அங்கேதான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, செய்யாற்றின் கரையில் இருக்கிறது கலசப்பாக்கம். மேற்கே பர்வதமலை, வடகிழக்கே ஆரணியின் பட்டுத் தறிகள், சுற்றிலும் வயலுக்கு நீர் விடும் ஏரிகள். இந்த வட்டாரத்து ஏரி ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொண்டால் செடிகள் நிற்கும் வரிசை தெளிவாகக் கிடைக்கும். மதகு இருக்கும் கரைப்பக்கம் ஆழம் அதிகம். அங்கிருந்து உள்வாய்ப் பக்கம் போகப் போக நிலம் மெல்ல மேடேறும். நீர் முழங்காலளவாகி, கணுக்காலளவாகி, சேறாக முடியும். செடிகள் இந்தச் சரிவை ஒட்டியே இடம் பிடிக்கின்றன. மார்பளவு நீரிலும் தாமரை நிற்கும். அதைவிடக் குறைந்த ஆழத்தில் அல்லி, நெய்தல், கொட்டி. முழங்கால் நீரில் சம்பு, அதற்கு வெளியே கோரை. சேற்றில் வள்ளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் படரும். நீர் வடிந்த ஓரத்தில் முள்ளோடு நீர்முள்ளி. கலங்கலை ஒட்டியும் வாய்க்கால் ஓரத்திலும் நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக மண்டியிருக்கும். அலைகல் பதித்த கரைச்சரிவில் இவை அதிகம் தலைகாட்டுவதில்லை.

மாதிரிக் குளங்கள் பொய்யாகத் தெரிய முதல் காரணம் இந்த வரிசை குலைவதே. தாமரையைச் சேற்றோரத்திலும் சம்பை நடு ஆழத்திலும் நட்டுவிட்டால், தனித்தனிச் செடி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஏரியை அறிந்தவர் கண் அங்கே இடறும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இந்திய நீர்நிலைகளில் அது பரவத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். நெய்வேலிக் காட்டாமணக்கும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். சோழர் காலத்து ஊர் என்று வைத்த காட்சியில் இந்த இரண்டும் இருந்தால் அது பிழை. இன்றைய ஏரி என்று வைத்த காட்சியில் இவை இல்லாவிட்டாலும் பிழைதான். கோடை ஏரியைக் காட்ட விரும்புவோருக்கு மூதுரை உதவும். நீர் வற்றியபோதும் குளத்தை விட்டுப் போகாதவை என்று ஔவையார் சொல்பவை கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகிய மூன்று. வெடித்த மண்ணில் சுருங்கிய இலைகளாக இந்த மூன்றையும் வைத்தாலே வறண்ட ஏரி வந்துவிடும்.

அடுத்தது அளவு. மாதிரி ரயில் பாதைகளில் உலகெங்கும் பரவலாக உள்ளது 87-இல் ஒன்று என்னும் எச்.ஓ. அளவு. கொலுவில் பொது அளவு கிடையாது. பூங்காவில் நிற்கும் மனிதப் பொம்மையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பொம்மை 7 செ.மீ. உயரம் என்றால் அந்தக் காட்சி ஏறக்குறைய 24-இல் ஒன்று. அரை மீட்டர் அகலமுள்ள தாமரை இலை அதில் 2 செ.மீ.; எச்.ஓ. அளவில் 6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 20 செ.மீ. அல்லி இலை முன்னதில் 8 மி.மீ., பின்னதில் 2 மி.மீ.க்குச் சற்று அதிகம். இரண்டரை மீட்டர் உயரச் சம்பு முன்னதில் 10 செ.மீ., பின்னதில் 3 செ.மீ.க்கு நெருக்கம். இந்தக் கணக்கைப் போடாமல் கண்ணளவில் செய்பவர்கள் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்: பூவைப் பெரிதாக்குகிறார்கள், சம்பைக் குட்டையாக்குகிறார்கள். 5 செ.மீ. பிளாஸ்டிக் தாமரை, 7 செ.மீ. பொம்மையின் உலகில் 120 செ.மீ. அகலப் பூ. சம்போ ஆள் உயரத்தைத் தாண்டி நிற்க வேண்டிய செடி. பொம்மையின் இடுப்பளவில் அதை வைத்தால் கோரையாகிவிடும்.

பொருள்களில் முதலிடம் நெட்டிக்கு. நெட்டியும் நீர்ச்செடியே, ஆழமில்லாத ஏரிகளிலும் சதுப்பிலும் வளரும் அவரைக் குடும்பத்துச் செடி. தண்டின் மெல்லிய பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே தந்தம்போல் வெண்மையான, எடையே தெரியாத சோற்றுப்பகுதி. வங்காளத்தில் இதைச் சோலா என்பார்கள். அங்கே மணமகனின் முடியும் துர்க்கை சிலையின் அணிகளும் இதில் செய்யப்படுகின்றன. வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு அணிந்த தொப்பிக்கும் இதுவே மூலப்பொருள். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் நெட்டியில் பெரிய கோயிலையும் கடவுள் உருவங்களையும் செய்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கத்தி, கத்தரி, பசை தவிர அவர்களுக்குப் பெரிய கருவிகள் தேவைப்படுவதில்லை. குளத்துச் செடி செய்பவருக்கும் அவ்வளவே போதும்.

நெட்டியில் கத்தியின் கூர்மைதான் வேலையை முடிவு செய்கிறது. மழுங்கிய கத்தி அதை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடம் திரும்ப எழும்பாது. தண்டைப் பலகையில் உருட்டியபடியே கத்தியை ஒரே சீராகக் கொடுத்தால் தாள்போல் நீண்ட ஏடு உரிந்து வரும். பூவிதழுக்கு அந்த ஏடு. ஈர விரலால் தொட்டால் ஏடு இளகி வளையும், காய்ந்தபின் வளைவை விடாது. வண்ணத்தை மட்டும் நீர்க்கக் கரைத்துப் பூசக் கூடாது. நெட்டி அதை உறிஞ்சி நுனிவரை இழுத்துக்கொள்ளும். கெட்டியான வண்ணத்தைத் தூரிகையில் ஒற்றி, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, மிஞ்சியதைத் தடவினால் போதும்.

இரண்டாவது பொருள் பட்டு. ஆரணி வட்டாரத்தில் தறியில் அறுத்துப்போடும் நூல்துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. பட்டுப்புழு நூற்ற இழையின்மேல் செரிசின் என்னும் பசை இருக்கும். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதுதான். சாயம் போடுமுன் சோப்பு நீரில் வேகவைத்து அதைப் போக்குவார்கள். பசை போகாத கச்சா நூல் விறைப்பாக நிற்கும். பசை போன நூல் குழைந்து விழும். இந்த ஒரு வேறுபாடு குளத்தின் மேலுக்கும் கீழுக்குமான வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. கச்சா நூலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நீர்த்த பசை தடவி உலரவிட்டு, பச்சை வண்ணம் கொடுத்து நறுக்கினால் கோரை. சாயமேறிய பச்சைப் பட்டைப் பிரித்துத் தனி இழையாக்கி நீருக்குள் படுக்கவைத்தால் வேலம்பாசி. பட்டின் பளபளப்பு நீருக்குள் அழகு. நீருக்கு மேலே அது செயற்கையாகத் தெரியும். அதனால் மேலே நிற்கும் கோரைக்கு மங்கலான வண்ணத்தை மெலிதாக ஒருமுறை பூசிவிட வேண்டும்.

குளத்தை நம்பவைப்பது பூ அல்ல, இலை. இலைக்கு எழுதும் தாளே போதும். நெட்டி ஏடு இலைக்கு ஆகாது, ஓரம் பொரியும். தாளை வெட்டுவதற்கு முன்பே இரு பக்கமும் வண்ணம் பூசிக் காயவைக்க வேண்டும். வெட்டிய பிறகு பூசினால் வட்டம் சுருளும். தாமரை இலையின் மேற்பக்கம் சாம்பல் கலந்த நீலப்பச்சை, அடிப்பக்கம் வெளிறிய பச்சை. அதில் மினுமினுப்பே கூடாது. தாமரை இலையின் மேற்பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் புடைப்புகள். நீர் ஒட்டாமல் உருண்டோடுவதற்குக் காரணம் அவைதான் என்பதை ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸும் 1997-இல் விரிவாக விளக்கினார்கள். அந்தப் புடைப்புகளால் ஒளி சிதறி இலை மங்கலாகத் தெரிகிறது. வார்னிஷ் பூசிய தாமரை இலை எந்தக் குளத்திலும் கிடையாது.

24-இல் ஒன்று அளவுக்கு வட்டத்தைக் கையாலேயே வெட்டுவது நல்லது. ஓரம் லேசாக நெளிந்தால்தான் இலை. எச்.ஓ. அளவுக்கு அலுவலகத்தில் தாளில் துளை போடும் பஞ்சிங் மெஷினே கருவி. அதிலிருந்து விழும் வட்டம் ஏறக்குறைய 6 மி.மீ.; அரை மீட்டர் தாமரை இலைக்குச் சரியான அளவு. வெட்டிய வட்டத்தை அழிப்பான்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் நடுவிலிருந்து ஓரம்வரை நரம்புகளை அழுத்த வேண்டும். பிறகு நடுவில் குண்டூசியின் தலையை வைத்து அமுக்கினால் இலை கிண்ணமாகக் குழியும். மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு இழை ஒன்று காம்பு. தாமரையில் காம்பு இலையின் நடுவில் சேரும், பிளவு கிடையாது. சேரும் இடத்தில் மேற்பக்கம் ஒரு வெளிர்ப்புள்ளி தெரியும். ஊசிமுனையால் வைக்கிற அந்த ஒரு புள்ளி, மற்ற எல்லா நுணுக்கத்தையும்விட இலையை உயிருள்ளதாக்குகிறது.

இலைகள் ஒரே மட்டத்தில் இருக்கக் கூடாது. இளம் இலை நீரில் தட்டையாகப் படுத்திருக்கும். முதிர்ந்த இலை நீர்மட்டத்துக்கு மேலே எழும். ஒரு மீட்டர் எழுந்தால் 24-இல் ஒன்றில் 4 செ.மீ. இன்னும் விரியாத இலை இரு ஓரமும் உள்ளே சுருண்டு முனைகூர்ந்து நிற்கும். காற்றில் புரண்ட இலை ஒன்று அடிப்பக்க வெளிர்நிறத்தைக் காட்டும். ஓரம் மஞ்சளாகிப் பழுத்தது, பூச்சி தின்றது, காம்பு ஒடிந்து நீரில் கவிழ்ந்தது ஆகியவையும் வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 1887 முதல் 1936 வரை லியோபோல்ட் பிளாஷ்காவும் மகன் ருடால்ஃபும் கண்ணாடியில் தாவரங்களைச் செய்து கொடுத்தார்கள். அந்தத் தொகுப்பில் அழுகிய பழங்களும் நோய் கண்ட இலைகளும் நல்ல பூக்களுக்குக் காட்டிய அதே கவனத்தோடு செய்யப்பட்டிருக்கின்றன. எந்த ஊர்க் குளத்துக்கும் அந்த நேர்மை பொருந்தும்.

பூவுக்கு நெட்டி. இதழ்களைப் படகு வடிவில் வெட்டி, ஈர விரலில் வைத்துக் குழித்து, நுனியில் ரோஜா வண்ணத்தை ஒற்ற வேண்டும். நிறம் நுனியில் அழுத்தமாகவும் அடியில் வெளிறியும் இருக்கும். நடுவில் தலைகீழ்க் கூம்பாகச் சீவிய மஞ்சள் நெட்டித்துண்டு. சுற்றிலும் மஞ்சள் பட்டு இழையைப் பிசிராக நறுக்கி ஒட்டினால் மகரந்தத்தாள்கள். பல இலைக்கு ஒரு பூ என்பதே ஏரியின் கணக்கு. ஒன்றிரண்டு மொட்டும், இதழ் உதிர்ந்து பழுப்பேறிய காயும் சேர்ந்தால் கொத்து நிறைவாகும்.

அல்லியைத் தாமரையின் சிறிய வடிவம் என்று எண்ணிச் செய்யக் கூடாது. அதன் இலையில் ஓரத்திலிருந்து காம்புவரை ஒரு பிளவு உண்டு. இலை நீரை விட்டு எழாது. மேலே பளபளக்கும் பச்சை, அடியில் செம்பழுப்பு. இதற்கு வார்னிஷ் பொருந்தும். வெள்ளை, சிவப்பு அல்லிகள் இரவில் மலர்ந்து முற்பகலில் கூம்பும். நீல நிறத்தது பகலில் மலரும். தாமரையும் பகல் பூ. ஆகையால் உச்சிவெயில் காட்சியில் வெள்ளை அல்லி கூம்பியிருக்க வேண்டும். நிலவொளிக்கு நீல விளக்கு போடுகிறவர்கள் தாமரையை மூடிவிட்டு அல்லியைத் திறந்து வைக்கலாம். பார்ப்பவர்களில் பாட்டிகள் அதைக் கட்டாயம் கவனிப்பார்கள்.

சம்பின் இலை வார்போல் தட்டை. வண்ணம் பூசிய தாளை மெல்லிய கீற்றுகளாக வெட்டினால் போதும். கதிருக்குச் செம்பு இழையின் நுனியைப் பசையில் தோய்த்து, சலித்த மரத்தூளில் உருட்டி, கரும்பழுப்பு பூச வேண்டும். இந்தப் பகுதிச் சம்பில் தடித்த பெண்கதிருக்கும் அதன் மேலுள்ள மெல்லிய ஆண்கதிருக்கும் இடையே சிறு இடைவெளி தெரியும்; அங்கே கம்பியை வெறுமையாக விட வேண்டும். கொத்தின் அடியில் போன ஆண்டின் காய்ந்த இலைகளுக்குத் தேங்காய் நார். நெய்வேலிக் காட்டாமணக்குக்குக் கிளைத்த கம்பி, சலித்த காய்ந்த இலைத்தூள், வெளிர் ஊதா பூசிய நெட்டித்துகள். இலைத்தூள் ஒளியில் நிறம் இழக்கும். அதன்மேல் வண்ணம் பூசாமல் விடக் கூடாது. வெங்காயத்தாமரையின் அடையாளம் உப்பிய காம்பு. இலைக்காம்பின் அடியில் பசை ஒரு சொட்டு வைத்து உறையவிட்டால் அந்த உப்பல் வரும். ஒவ்வொரு செடியாகப் பார்க்க முடியாதபடி நெருக்கி அடுக்க வேண்டும். பாசியைத் தனிச் செடியாகச் செய்ய இயலாது. துணியில் சலித்த பச்சைத்தூளே வழி. காற்று தள்ளிச் சேர்த்ததுபோல் ஒரு மூலையிலும் தண்டுகளுக்கு இடையிலும் அது தேங்கியிருக்கட்டும்.

நீருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைவிடச் சாதாரணக் கண்ணாடித் தகடு மேல். முகக்கண்ணாடியில் ரசம் அடிப்பக்கம் இருப்பதால் இலைக்கும் அதன் நிழலுக்கும் நடுவே கண்ணாடியின் கனம் இடைவெளியாகத் தெரியும். இலை நீரில் மிதக்காமல் காற்றில் நிற்கும். சாதாரணத் தகட்டின் அடியில் கரும்பச்சை கலந்த பழுப்பைப் பூசினால் நிழல் மேற்பரப்பிலேயே விழும். நீல நிறம் வேண்டாம்; ஏரி நீர் சேற்று நிறம், வானம் தெளிந்த நாளில் மட்டும் அதன்மேல் நீலம் படியும். காம்புகளை ஊன்றத் துளை தேவை என்றால் அக்ரிலிக் தகடு வசதி.

எபாக்ஸி ரெசின் ஊற்றுபவர்கள் மெல்லிய அடுக்குகளாக ஊற்றி, ஒன்று கெட்டிப்பட்ட பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் சூடேறி மஞ்சளாகும், விரியும். பட்டு இழையும் தாளும் ரெசினை மேல்நோக்கி உறிஞ்சும். கோரையின் அடிப்பகுதி மட்டும் ஈரத்தில் தோய்ந்ததுபோல் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நெட்டியோ உள்ளிருக்கும் காற்றைக் குமிழியாக விடும். எனவே ரெசினுக்குள் போகும் எதையும் முன்கூட்டியே அக்ரிலிக் வார்னிஷில் தோய்த்து உலர்த்த வேண்டும். தண்டுகளை ஊற்றுமுன் நடலாம். மிதக்கும் இலைகளையும் பூக்களையும் கடைசி அடுக்கு கெட்டிப்பட்ட பின் ஒட்டுவதே நல்லது. தாம்பாளத்தில் நிஜ நீர் வைப்பவர்கள் தாள் இலைகளை உருக்கிய மெழுகில் ஒருமுறை முக்கி எடுத்தால் ஒன்பது நாளும் தாங்கும். நெட்டிப் பூ தானாகவே மிதக்கும்.

விஜயதசமி முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் எடுத்து வைக்கும்போது நெட்டிதான் முதலில் சேதமாகும். அதன்மேல் எந்தப் பாரமும் இருக்கக் கூடாது. பஞ்சு விரித்த அட்டைப்பெட்டி வேண்டும். வெள்ளிப்பூச்சி அண்டாமலிருக்க வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போடலாம். ரெசின் குளத்தின்மேல் தாள் படக் கூடாது, கோடை வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சிரமம் குறைய வேண்டுமானால் செடிகளை நேரடியாகக் குளத்தில் நடாமல், கொத்துக் கொத்தாகச் சிறு அடித்தகடுகளில் நட்டு, அவற்றைக் காட்சியில் பொருத்துங்கள். ஒரு கொத்து கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். அடுத்த ஆண்டு ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ விரும்பினால் கொத்துகளை இடம் மாற்றினாலே போதும்.